வலது காதெலும்பு

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. இட்டுக்கட்டியது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இது என் அண்ணிக்கு நடந்தது. அவர் கைப்பட எழுதிய நோட்டு இப்போது என் பீரோவில் இருக்கிறது. மணி, நிமிஷம் எல்லாம் அதில் இருக்கிறது. அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

நான் கணக்கு டீச்சர். பேய் என்றால் வாய்விட்டுச் சிரிக்கிற ஆள். "ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வருமா? பகல் ஷிப்ட் கிடையாதா?" என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோரையும் கேலி பண்ணிக்கொண்டிருந்தவள். இப்போது பண்ணுவதில்லை. பகலிலும் வரும். எங்களுக்குக் காலை பத்து ஐம்பதுக்கு வந்தது.

முதலில் வாலுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணன் மகள். ஆறு வயது. ஒரு இடத்தில் உட்காராது. அலமாரி, கட்டிலடி, துணிக்கூடை என்று பாக்கியில்லாமல் புகுந்து ஒளிந்துகொள்ளும். நாம் தேடித் தேடி அலுத்துப்போனால் உள்ளேயிருந்து சிரிக்கும். அதனால்தான் வாலு. நான் வேலை பார்க்கும் பள்ளியில்தான் ஒன்றாம் வகுப்பு. தினமும் மாலை நான்தான் வீட்டுக்குக் கூட்டிப்போவேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை. பள்ளி விட்டதும் விடைத்தாள் கட்டு ஒன்றை ஆபீஸில் கொடுக்க வேண்டியிருந்தது. "அஞ்சே நிமிஷம். இந்த மரத்தடியிலேயே நில்லு. அத்தை வந்துடறேன்" என்றேன். வந்து பார்த்தால் பை இருந்தது. அவள் இல்லை.

போலீஸ் வந்தது. கடைகளின் கேமராவெல்லாம் பார்த்தார்கள். பஸ் நிலையம், ரயில் நிலையம், பக்கத்து ஊர்கள் எல்லாம் அலசினார்கள். கூட்டத்தோடு கூட்டமாக யாரோ கேட்டுக்கு வெளியே கூட்டிப் போய்விட்டார்கள் என்று கடைசியில் முடிவு கட்டினார்கள். அண்ணன் பேச்சையே குறைத்துக்கொண்டார். அண்ணி மட்டும் விடவில்லை. போன் அடித்தால் குளியலறையிலிருந்து ஈரத்தோடு ஓடி வருவார். எங்கே பிள்ளை கிடைத்தது என்று செய்தி வந்தாலும் கிளம்பிவிடுவார். நாலு வருஷத்தில் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அண்ணிக்கு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. மண்ணுக்கடியில் ஆயிரக்கணக்கான வருஷம் கிடந்த எலும்பைத் துளைத்துப் பொடி எடுத்து, அதிலிருந்து மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் பிரித்துப் படிப்பது. பயந்துவிடாதீர்கள், விஷயம் சுலபம்தான். இந்த டிஎன்ஏ அம்மாவிடமிருந்து மட்டும்தான் பிள்ளைக்கு வரும். அப்பாவுக்கு அதில் பங்கே கிடையாது. எழுத்து எழுத்தாக, அம்மாவுக்கு என்னவோ அதுவே பிள்ளைக்கு.

வேலை செய்பவரின் ஒரு சொட்டு எச்சில் விழுந்தால்கூடப் பழைய எலும்பில் உள்ளது அமுங்கிப்போகும். அதனால் அங்கே வேலை செய்கிற ஒவ்வொருவரின் டிஎன்ஏவையும் முதலிலேயே எடுத்துப் பட்டியல் போட்டு வைத்திருப்பார்கள், ஒப்பிட்டுப் பார்க்க. அண்ணியுடையதில் ஒரு எழுத்து மாறியிருந்தது. அந்த மாற்றம் உலகத்துப் பட்டியல் எதிலும் இல்லை. அண்ணியின் அம்மா உயிரோடு இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. தெரிந்தவரை அந்த எழுத்து உள்ளவர்கள் இரண்டே பேர். அண்ணி ஒன்று. வாலு ஒன்று.

எலும்பைத் துளைக்கும் அறை ஏழாவது மாடியில். அதற்கு மேல் சரிவான தகரக் கூரை மட்டும்தான். ஜன்னல் கிடையாது. தண்ணீர்க் குழாய் கிடையாது. தலை முதல் கால் வரை மூடிய உடை, இரண்டு ஜோடி கையுறை, முகத்தில் மாஸ்க், அதற்கு மேல் கண்ணாடித் தடுப்பு. வாசலில் பசை தடவிய பிளாஸ்டிக் பாய், காலில் ஒட்டி வரும் தூசியைப் பிடிக்க. ஒருவர் உள்ளே இருந்தால் இன்னொருவர் வெளியே இருப்பார். பேச்சு இன்டர்காமில். இன்னொரு சட்டமும் உண்டு. உள்ளே நடப்பது எதுவாக இருந்தாலும் நேரத்தோடு நோட்டில் எழுத வேண்டும். தும்மினால் தும்மல். கதவு ஆடினால் ஆட்டம். "மூக்கு அரிச்சாலும் எழுதணும்" என்று அண்ணி சொல்லிச் சிரிப்பார். அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்று திங்கட்கிழமை.

10.31. அண்ணி உள்ளே போனார். வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெக்னீஷியன் அக்கா. இருபது வருஷ அனுபவம், எதற்கும் அசராத மனுஷி. மேசையில் ஒரு குழந்தையின் வலது காதெலும்பு. காதுக்கு உள்ளே இருக்கிற எலும்பு அது. உடம்பிலேயே கெட்டியானது. மற்ற எலும்பெல்லாம் உளுத்துப் போனாலும் அதில் மட்டும் டிஎன்ஏ தங்கியிருக்கும். கல்மூடி போட்ட ஒரு பழைய புதைகுழியிலிருந்து எடுத்தது. வயது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் வருஷம். குழந்தைக்கு ஆறு வயது இருக்கலாம் என்று சீட்டில் எழுதியிருந்தது.

அந்தச் சீட்டை அண்ணி இரண்டு தடவை படித்தார்.

10.46. டிரில்லை ஓட்டினார். டிரில் ஓடும்போது வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் அன்றைக்கு மாஸ்குக்குள்ளேயே பேச்சு வந்துவிட்டது. "கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு... ஆச்சு, ஆச்சு..." டாக்டர் ஊசி போடும்போது வாலுவிடம் சொல்வது அது. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

பொடி விழுந்தது. வெள்ளையாக. பழைய எலும்பின் பொடி பழுப்பாக இருக்கும். இது மாவு மாதிரி வெள்ளை. ஐம்பது மில்லிகிராம் சேர்ந்தது.

10.50. டிரில்லை நிறுத்தினார். அப்போதுதான் கேட்டது.

மணி. எங்கோ தூரத்தில், தண்ணீருக்கு அந்தப் பக்கம் அடிப்பது போல. டங்... டங்... டங்... அது நின்றதும் தலைக்கு மேலே காலடிச் சத்தம். ஒருவர் இருவர் இல்லை. கும்பலாக ஓடுகிற சத்தம்.

இன்டர்காம் பொத்தானை அழுத்தினார்.

"அக்கா, மேல யாராவது வேலை செய்யறாங்களா?"

"மேலயா? மேல கூரைதானேம்மா இருக்கு."

"சத்தம் கேக்கலையா?"

"நீ மூச்சு விடறதுதான் கேக்குது."

11.05. மறுபடி மணி. ஓட்டம் சட்டென்று நின்றது. பிறகு ஒரு சொட்டு. தண்ணீர் சொட்டுகிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்டு. அண்ணி எல்லாவற்றையும் எழுதினார்.

11.25க்கு வெளியே வரும்போது பசைப் பாயைப் பார்த்தார். உறை போட்ட அவர் கால்தடம் இருந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு தடம். சின்னது. வெறுங்கால். ஐந்து விரலும் தெளிவாக. ஈரம் இன்னும் காயவில்லை. அந்தச் சின்னத் தடம் உள்ளே போகிற பக்கம் பார்த்திருந்தது. வெளியே வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

"யாரோ விளையாடியிருக்காங்க" என்றார் டெக்னீஷியன் அக்கா. குரல் சரியாக இல்லை. வழக்கப்படி பாயின் மேல்தாளை உரித்துக் குப்பையில் போட்டுவிட்டார்.

அடுத்த பத்து நாளும் அண்ணி வேறு எலும்புகளோடு காலையிலிருந்து மாலை வரை அதே அறையில் இருந்தார். தினமும் சத்தம் வந்தது. அவர் எழுதிக்கொண்டே வந்தார். சனியும் ஞாயிறும் மட்டும் அறை அமைதியாக இருந்தது. வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் எங்கே வேலைக்குப் போகாதே என்று அண்ணன் தடுத்துவிடுவாரோ என்று பயம்.

பத்தாம் நாள், வியாழக்கிழமை, முடிவு வந்தது. ஆராய்ச்சிக் கூடத்தை நடத்துகிற புரொபசர் கூப்பிட்டு அனுப்பினார். திரையில் இரண்டு வரிகள். மேலே எலும்பிலிருந்து வந்தது. கீழே ஊழியர் பட்டியலிலிருந்து அண்ணியுடையது. ஒரு எழுத்து பிசகாமல் இரண்டும் ஒன்று. உலகத்தில் யாருக்கும் இல்லாத அந்த மாறிய எழுத்து உட்பட.

"பழைய டிஎன்ஏன்னா ஓரமெல்லாம் அரிச்சுப் போயிருக்கும். இது புத்தம் புதுசா இருக்கு" என்றார் புரொபசர். "உங்களோடது கலந்துடுச்சும்மா."

"கூடவே ஒண்ணும் போடாத வெறும் குழாய் ஒண்ணு வெச்சேனே சார். என்னோடது கலந்திருந்தா அதுலயும் வந்திருக்கணும். அது சுத்தமா இருக்கு."

"இருக்கு. அதுதான் எனக்கும் புரியல."

  அண்ணி கேட்டே விட்டார்.

"இந்த எழுத்து ரெண்டு பேருக்குத்தான் இருக்கு சார். என்னோடது இல்லேன்னா... யாரோடது?"

புரொபசர் நல்ல மனுஷர்தான்.  மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "ஒரு மாசம் லீவ் எடுத்துக்கோங்க. அதே குழந்தையோட இடது காதெலும்பு இருக்கு. நாளைக்குப் பதினோரு மணிக்கு அக்கா அதை எடுக்கட்டும். நீங்க அந்த ரூம் பக்கமே வர வேண்டாம்."

அன்று மாலை அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டினார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"மூவாயிரம் வருஷத்து எலும்புல நம்ம பொண்ணு எப்படிடி வருவா?" அண்ணன் கத்திவிட்டார். நாலு வருஷத்தில் அவர் குரல் உயர்ந்தது அன்றைக்குத்தான்.

"எப்படின்னு எனக்கு வேண்டாம்ங்க. எங்கன்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

"செத்துட்டாங்கறியா?"

அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இருக்காளா இல்லையானு தெரியாம இன்னொரு வருஷம் என்னால முடியாது. செத்தே போயிருந்தாலும் எங்க கிடக்கானு தெரியணும். ஒரு தடவை தூக்கிக்கணும்."

அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. 10.41. டெக்னீஷியன் அக்கா மேசைச் சாமான் எடுக்கக் கீழ்மாடிக்குப் போன நேரம் பார்த்து அண்ணி அந்த அறைக்குள் நுழைந்தார்.

உடை போடவில்லை. மாஸ்க் இல்லை. கையுறை இல்லை. வீட்டிலிருந்து வந்த புடவையோடு, வெறும் முகத்தோடு.

இது எவ்வளவு பெரிய தப்பு என்று உங்களுக்குப் புரிய வேண்டும். அந்த அறையில் அவர் விடுகிற ஒவ்வொரு மூச்சும் எலும்பில் போய் ஒட்டும். இனிமேல் அந்த இடது காதெலும்பு என்ன சொன்னாலும், அது அண்ணியின் எச்சில் என்றுதான் உலகம் சொல்லும். அவர் சொன்னது சரி என்று காட்ட இருந்த ஒரே சாட்சி அது. அதைத் தன் கையாலேயே அழிக்கிறோம் என்று தெரிந்துதான் போனார். தலையை மூடினால் காது சரியாகக் கேட்காது. அவருக்குக் கேட்க வேண்டியிருந்தது.

பையைப் பிரித்தார். எலும்பை வெறுங்கையில் எடுத்தார். குளிர்ந்திருந்தது. ஈரமாக இருந்தது. காதோடு வைத்துக்கொண்டார்.

10.50.

டங்... டங்... டங்...

ஓட்டம். தலைக்கு நேர் மேலே. திமுதிமுவென்று.

"வாலு?"

ஒன்றுமில்லை.

"வாலு... அம்மாடா."

இன்டர்காமில் சிவப்பு விளக்கு எரிந்தது. வெளியே யாராவது பொத்தானை அழுத்தினால்தான் அது எரியும்.

கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

வெளியே யாரும் இல்லை.

மூச்சுச் சத்தம். சின்ன மூச்சு. ஓடி வந்து நின்றது போல.

பிறகு...

"அம்மா."

இருந்தால் அவளுக்கு இப்போது பத்து வயது. அந்தக் குரலுக்கு ஆறு வயதுதான்.

"எங்கடா இருக்க?"

"ஒளிஞ்சிருக்கேன்."

"எங்கடா? அம்மாகிட்ட சொல்லு. எங்க?"

"மேல எல்லாரும் ஓடறாங்க."

சொட்டு.

"மூடி தொறக்க வரலம்மா."

சொட்டு.

"அம்மா... காது வலிக்குது."

விளக்கு அணைந்தது. 10.53.

டெக்னீஷியன் அக்கா வந்து பார்த்தபோது அண்ணி தரையில் உட்கார்ந்திருந்தார். எலும்பை நெஞ்சோடு அணைத்திருந்தார். புரொபசர் ஓடி வந்தார். வேலை போயிற்று என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அண்ணி அதைக் காதில் வாங்கவும் இல்லை. நோட்டை எடுத்துப் புடவைக்குள் செருகிக்கொண்டு நேராக என் பள்ளிக்கு வந்துவிட்டார்.

மணி 12.30. எனக்கு ஓய்வு வகுப்பு. ஸ்டாஃப் ரூமில் வேறு யாரும் இல்லை. நோட்டை என் முன்னால் விரித்து வைத்தார்.

"நீ கணக்கு டீச்சர்தானே. இந்த நேரத்துல ஏதாவது கணக்கு இருக்கா, பாரு. எனக்கு மூளை வேலை செய்யல."

பார்த்தேன். 8.50 மணிச் சத்தம். 10.50 மணி, ஓட்டம். 11.05 மணி, அமைதி. 12.40 மணி, ஓட்டம். 1.20 மணி, அமைதி. 3.30 நீண்ட மணி, ஓட்டம், போகப் போகக் குறைகிறது. ஒவ்வொரு நாளும் அதேதான். சனி, ஞாயிறு இல்லை.

 கணக்குப் போட வேண்டியதே இல்லை. பதினோரு வருஷமாக அந்த நேரத்துக்குத்தான் நான் எழுந்து உட்காருகிறேன். இடைவேளை. சாப்பாடு. பள்ளி விடும் நேரம்.

"அண்ணி... இது எங்க ஸ்கூல் மணி."

அதற்குள் அடுத்த வரியில் என் கண் விழுந்துவிட்டது. தினமும் அந்த வரி இருந்தது. 3.35. யாரோ கூப்பிடுவது போல. 'அத்தை' என்று.

சரியாக அப்போது 12.40 மணி அடித்தது. பிள்ளைகள் விளையாட்டுத் திடலில் திமுதிமுவென்று ஓடினார்கள். அண்ணியும் நானும் ஜன்னல் வழியாக அந்தத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

திடலுக்கு அடியில் பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. பயன்படாதது. வாலு காணாமல் போன அந்த வியாழக்கிழமைதான் அதை நிரந்தரமாக மூட ஆள் வந்திருந்தார்கள். மத்தியானம் பழைய மூடியைப் பெயர்த்துத் திறந்து வைத்தார்கள். நாலு மணிக்கு மேலே பலகைக்கல்லைப் போட்டு சிமெண்ட் பூசினார்கள். உள்ளே யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் அவள் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே நான் அந்த ஈர சிமெண்டைச் சுற்றிக்கொண்டுதான் ஓடினேன். மூடித்தானே இருக்கிறது என்று தாண்டிப் போய்விட்டேன்.

மாலை 4.15க்குக் கல்லைப் பெயர்த்தார்கள். போலீஸும் அண்ணனும் இருந்தார்கள். உள்ளே பார்த்ததைச் சொல்ல மாட்டேன். என் அண்ணி அவளைத் தூக்கிக்கொண்டார். அதை மட்டும் சொல்கிறேன்.

இத்தோடு முடிந்திருந்தால் தற்செயல், மனப்பிரமை என்று எதையாவது சொல்லி என்னை நானே ஏமாற்றியிருப்பேன்.

மூன்றாம் நாள், உடலைப் பரிசோதனை செய்த டாக்டர் அண்ணனையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டார்.

"விழுந்த உடனே உயிர் போயிருக்கும். வலி தெரிஞ்சிருக்காது. அதுல சந்தேகமில்லை. ஆனா ஒண்ணு கேக்கணும். ஏற்கெனவே யாராவது டெஸ்ட் பண்ணினாங்களா?"

"நாலு வருஷமா சிமெண்டுக்கு அடியில இருந்தா டாக்டர். யாரு பண்ணுவாங்க?"

டாக்டர் படத்தைக் காட்டினார். வலது காதெலும்பு. நடுவில் ஒரு துளை. வட்டமாக, சுத்தமாக.

"இது டிரில் போட்ட துளை. பொடி எடுத்திருக்காங்க. ஐம்பது மில்லிகிராம் இருக்கும்." படத்தில் விரலை வைத்தார். "விளிம்பு இன்னும் வெள்ளையா இருக்கு. இதைப் போட்டு ரெண்டு வாரம்கூட ஆகல."

அன்று மாலையே டெக்னீஷியன் அக்காவுக்குப் போன் போட்டேன். அந்தப் பழைய குழந்தையின் வலது காதெலும்பைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்க்கச் சொன்னேன். அண்ணி துளைத்ததை அவர் கண்ணாடி வழியாகத் தன் கண்ணால் பார்த்தவர். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் விளக்கைப் போடுகிற சத்தம்.

"என்னம்மா இது..." என்றார். "இதுல துளையே இல்லையேம்மா."

அண்ணியிடம் நாங்கள் இதைச் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று அண்ணன் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். விழுந்த உடனே போய்விட்டாள், ஒரு துளி வலியும் அவளுக்குத் தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னதை மட்டும் சொன்னோம்.

அண்ணி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அப்போ எதுக்குக் காது வலிக்குதுன்னு சொன்னா?"